அவரைப் பந்தலும் கொல்லாமையும்

இல்லறத்தில் வாழும் சாவகர் தமக்கு வேண்டிய அவரையையும் மொச்சையையும் தாமே பயிரிட்டு உண்பது நன்றா, கடைத்தெருவில் வாங்கி உண்பது நன்றா? பார்வைக்கு இஃது எளிய வினா. ஆயினும் நம் இல்லங்களில் இதற்குக் கூறப்படும் விடை நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. "மண்ணைக் கிளறினால் புழு மடியும், நீர் பாய்ச்சினால் எறும்பு மாளும், பூச்சி வந்தால் கொல்ல நேரும். ஆகவே வாங்கி உண்பதே பாவம் குறைந்த வழி" என்பர் சிலர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

ஆதி பகவன் மக்களுக்குக் கற்பித்த அறுதொழில்களுள் உழவும் ஒன்று என்பது நம் மரபு. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பகுதிகளில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உழுதே வாழ்ந்தனர். உழவில் உயிர்க்கேடு உண்டு என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

நம் அறநூல்கள் வினையை மூவகையாகப் பகுத்துள்ளன: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாருக்கு உடன்படுதல். கடையில் அரைக் கிலோ அவரை வாங்குபவர் முதல் வகையிலிருந்து விலகுகிறார். மற்ற இரண்டிலிருந்தும் விலகுகிறாரா? துளையுள்ள காயை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பான காயையே நாம் பொறுக்குகிறோம். அந்தப் பளபளப்புக்காகவே மருந்து தெளிக்கப்படுகிறது. துவரையின் காய்ப்புழுவிற்குப் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011-இல் தடை செய்தது. அதற்கு முன் அம்மருந்தால் காக்கப்பட்ட பருப்பை நம்முள் எத்தனை பேர் வினவாமல் வாங்கிச் சமைத்தோம்! புழுவைக் கொன்றது நம் கையன்று. ஆனால் அதற்கு விலை கொடுத்தது நம் கையே.

எம் வீட்டுக் கொல்லையில் ஆடி மாதத்தில் அவரை விதை ஊன்றிப் பந்தலில் ஏற்றினோம். மார்கழிப் பனியில் கொடி பூத்துக் குலுங்கியது. அப்போதுதான் சோதனை வந்தது. கருநிற அசுவினிப் பூச்சிகள் தளிரிலும் பூங்கொத்திலும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சலாயின. அண்டை வீட்டார் அன்போடு ஒரு மூடி மருந்தைக் கொண்டுவந்து, "இரண்டே நாளில் சுத்தமாகிவிடும்" என்றார். ஐந்து மாத உழைப்பு கண்முன் வாடும்போது, அந்தக் குப்பியை வாங்காமல் இருப்பது எளிதன்று என்பதை அன்று உணர்ந்தோம்.

கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் அறவே விடவேண்டும். சமையல், உழவு முதலியவற்றில் தவிர்க்க இயலாது நேரும் இம்சையை விழிப்பினால் குறைக்கவேண்டும். இதுவே நமக்கு விதிக்கப்பட்ட எல்லை. ஆகவே மருந்தை மறுத்தோம். பூச்சி மிகுந்த நுனிகளை மட்டும் கிள்ளி, வேலியோரத்துச் செடிகளின் மீது வைத்தோம். அவற்றுள் எத்தனை உயிர் பிழைத்தன என்பதை நாம் அறியோம். எனவே அதனைக் குற்றமற்ற செயல் என்று கூறத் துணியோம். அவ்வாண்டு பூக்களில் பாதிக்கு மேல் உதிர்ந்தன. தையில் கிடைத்த காய் சிறிது. அதை உண்டபோது அதன் விலை இன்னதென்று நமக்குத் தெரிந்திருந்தது.

மண்ணும் ஒரு பாடம் கற்பித்தது. அவரை, பட்டாணி, பயறு ஆகியவற்றின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிரை 1888-இல் ஆலந்து நாட்டு அறிஞர் பெயெரிங்க் பிரித்தெடுத்தார். அவ்வுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு அளிக்கிறது. செடி அதற்கு உணவளிக்கிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் வாழும் என்னும் நம் கொள்கைக்கு இதனினும் அண்மையில் சான்று வேண்டுமோ? ஆதலின் காய்ப்பு முடிந்ததும் கொடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடுகிறோம்.

சமையலறையிலும் விழிப்பு தொடரவேண்டும். காயை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, புழு இருப்பின் இலையோடு எடுத்து வெளியே விடலாம். மொச்சையையும் துவரையையும் புத்தம் புதிதாக நன்கு காயவைத்து, சில மாதத் தேவைக்கு மட்டும் சேமிக்கலாம். வண்டு பிறந்தபின் கொதிக்கும் வெயிலில் கொட்டிப் பரப்புவதினும், வண்டு பிறவாமல் காப்பதன்றோ அறம்! முதல் நாள் ஊறவைத்ததைக் கதிரவன் மறையுமுன் சமைத்து, மீதமின்றி உண்பது நன்று.

நிலமில்லாமல் நகரத்து அடுக்கு வீடுகளில் வாழும் அன்பர்கள் வருந்த வேண்டுவதில்லை. ஒரு தொட்டியில் ஒரு கொடி வளர்க்கலாம். அதற்கும் இடமில்லையெனில், துளையுள்ள காயை வெறுக்காமல் வாங்கலாம். அதுவும் ஒரு நோன்பே.

தாமே பயிரிடுபவர் பாவமற்றவர் என்று நாம் கூறவில்லை. தம்மால் நேரும் துன்பத்தை அவர் காண்கிறார், காண்பதால் வருந்துகிறார், வருந்துவதால் அடுத்த ஆண்டு குறைக்கிறார். காணாதவருக்கு இவ்வழி அடைபட்டுள்ளது. கண்ணுக்கு மறைவாக நிகழும் கொலையைக் கொல்லாமை என்று எண்ணி மகிழலாமா என்பதை, அடுத்த முறை அவரைக்காய் பொறுக்கும்போது நம் நெஞ்சையே கேட்போமாக.