திரும்புமுன் கூறல்

மனிதர் கூடி வாழும் இடமெங்கும், ஒருவர் தாம் அடுத்துச் செய்யவிருப்பதைப் பிறர்க்கு முன்கூட்டி அறிவிக்கும் வழக்கம் ஏதோவொரு வடிவில் நிலவுகின்றது. பிறர் வீட்டினுள் நுழைபவன் வாயிலில் நின்று குரல் கொடுக்கிறான். மரம் தறிப்பவன் அது சாயுமுன் உரத்துக் கூவுகிறான். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கி வருபவள் எதிர்ப்படுவோரை விலகச் சொல்கிறாள். இவற்றுள் எதனையும் சட்டம் விதிக்கவில்லை. எனினும் இவற்றைச் செய்யத் தவறியவன் பண்பற்றவன் எனப்படுகிறான். அத்தவற்றால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்துவிடின், பண்பற்றவன் என்ற சொல் போதாதெனவும் உணரப்படுகின்றது. இவ்வழக்கத்தின் மிகச் சாதாரணமான இக்கால வடிவம், வாகனச் சாரதி திரும்புமுன் ஒளிரச் செய்யும் சமிக்ஞை விளக்காகும். பேச்சு வழக்கில் ‘சிக்னல் போடுதல்’ என வழங்கும் இச்சிறு செயல் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யப்படுவதா, விரும்பினாற் காட்டும் மரியாதையா, அன்றிச் செய்தே தீரவேண்டிய அறக்கடனா என்னும் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இவ்வினாவை, தவறுக்கு இடங்கொடாத ஒரு நிலத்தில் வைத்து ஆராய்வது பொருத்தமானது. தலவாக்கலை, லிந்துலைப் பக்கமிருந்து அக்கரப்பத்தனைக்கும் அதற்கப்பால் டயகமைக்கும் செல்லும் வீதி அத்தகைய ஒன்று. ஒருபுறம் தேயிலை அடர்ந்த மேட்டுச்சரிவு. மறுபுறம் ஆற்றை நோக்கி இறங்கும் பள்ளம். இடையே வளைந்து வளைந்து செல்லும் ஒடுங்கிய பாதை. மழைக்காலத்திற் பகலிலேயே மூடுபனி இறங்கி, அடுத்த வளைவை மறைத்துவிடும். இவ்வீதியில் பஸ் வண்டிகளும், கொழுந்து ஏற்றிய லொறிகளும், முச்சக்கர வண்டிகளும் மட்டும் செல்வதில்லை. மலையிலிருந்து கூடையோடு இறங்கிவரும் பெண்களும், விறகு சுமந்து செல்வோரும், பாடசாலைப் பிள்ளைகளும் இதன் ஓரமாகவே நடக்கின்றனர். நடப்போர்க்கெனத் தனியே ஒதுக்கிய பாதை பெரும்பாலான இடங்களில் இல்லை. எனவே இங்கு ஒரு வாகனத்தின் சமிக்ஞையைப் படிப்பவர் பின்னால் வரும் மற்றொரு சாரதி மட்டுமல்லர்; நடந்து செல்லும் மனிதரும் அதன் வாசகரே.

சமிக்ஞையின் வரலாறு குறுகியது. மோட்டார் வாகனம் தோன்றிய காலத்திற் சாரதியின் கையே அதன் மொழியாக இருந்தது. பிரித்தானியாவில் வீதி நடைமுறைக் கோவை முதன்முதலாக 1931 இல் வெளியிடப்பட்டது. அந்நாட்டு வழக்கப்படி வலப்புறம் திரும்புபவர் வலக்கையை வெளியே நேராக நீட்டினார். இடப்புறம் திரும்புபவர் அதே கையை இடஞ்சுழியாகச் சுழற்றினார். பின்னர், வாகனத்தின் பக்கவாட்டிலிருந்து சிறு கைபோல வெளிநீளும் ஒளிச்சட்டம் வந்தது. இலங்கையின் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொரிஸ் மைனர் கார்களின் பழைய வகைகளில் இதனைக் காணலாம். மினுங்கும் விளக்கு அதன் இடத்தைப் பிடித்தது. சர்வதேச ஒழுங்கின்படி இவ்விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை மினுங்க வேண்டும். மனிதக் கை, இரும்புக் கையாகிப் பின் ஒளியாக மாறிய போதிலும், கூறும் செய்தி மாறவில்லை.

இலங்கையில் வாகனப் போக்குவரத்தை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நெறிப்படுத்துகின்றது. உலகளவில் 1968 ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை இவ்விடயத்தைத் தெளிவாக வகுத்துள்ளது. சாரதி தன் திசையை மாற்றுமுன், அதனாற் பிறர்க்கு ஆபத்து நேராதென முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்; பின்னர் தன் எண்ணத்தைத் தெளிவாகவும் போதிய நேரத்துக்கு முன்பும் அறிவிக்க வேண்டும்; திரும்பி முடியும்வரை அறிவிப்பைத் தொடர வேண்டும்; முடிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். காணல், கூறல், கூறியபடி செய்தல், செய்து முடித்தபின் கூற்றை மீட்டல் என இதனைச் சுருக்கலாம். போக்குவரத்து விதியாக எழுதப்பட்ட இந்நான்கும், நேர்மையான பேச்சுக்கு உரிய இலக்கணமாகவும் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும், வீதி விதிகள் யாவும் வெறும் இணக்கங்களே, அவற்றில் அறம் எங்கே உள்ளது என ஒருவர் வினவலாம். இவ்வினாவில் நியாயமுண்டு. 1967 செப்டெம்பர் 3 ஆம் திகதி சுவீடன் நாடு இடப்பக்க ஓட்டத்திலிருந்து வலப்பக்க ஓட்டத்துக்கு மாறியது. அதற்கு முதல்நாள் சரியாயிருந்தது மறுநாள் தவறாயிற்று. இடப்பக்கத்தில் இயல்பாக எந்தப் புண்ணியமும் இல்லை. ஒரே படகில் துடுப்பு வலிக்கும் இருவர், வாக்குறுதி எதுவும் கொடுத்துக்கொள்ளாமலே ஒத்திசைந்து வலிப்பதை டேவிட் ஹியூம் 1740 இல் வெளியான தம் நூற்பகுதியில் எடுத்துக்காட்டினார். 1969 இல் டேவிட் லூயிஸ் இக்கருத்தை விரித்து, மற்றவர் பின்பற்றுவர் என்னும் எதிர்பார்ப்பே இணக்கத்தின் உயிர் என விளக்கினார். ஆனால் இவ்விளக்கமே வினாவுக்கு விடையையும் தருகின்றது. விளக்கு எப்பக்கம் மினுங்கவேண்டும் என்பது இணக்கம். அவ்விணக்கத்தை நம்பி ஒருவர் தம் உடலை வீதியின் குறுக்கே நகர்த்திய பின்னர், அந்நம்பிக்கையைக் காப்பது இணக்கமன்று, அறம். சொற்களின் பொருளும் மனிதர் வகுத்ததே. அதனாற் பொய் குற்றமற்றதாகி விடுவதில்லை.

இவ்விடத்தில் நல்லெண்ணமே இடராக முடியும் ஒரு நிலையையும் நோக்க வேண்டும். ஏற்றத்தில் மெல்ல ஊர்ந்து செல்லும் லொறியின் சாரதி, பின்னால் காத்துவரும் வாகனத்தின்மீது இரக்கங் கொண்டு இடப்பக்க விளக்கை ஒளிரவிட்டு, முந்திச் செல்லுமாறு குறிப்புக் காட்டுவதுண்டு. இது வழக்கில் வளர்ந்த ஒரு மரியாதை. ஆனால் அதே விளக்கு, அவர் இடப்புறமுள்ள தோட்டப் பாதையில் திரும்பப்போகிறார் என்றோ, ஓரமாக நிறுத்தப்போகிறார் என்றோ பொருள்படலாம். பின்வருபவர் எதனை நம்புவது? அன்றியும், முந்திச் செல்லுமாறு அழைப்பவர், முன்னே பாதை வெறுமையாக உள்ளதென்று சாட்சி கூறுபவராகிறார். அவரது பார்வையோ அடுத்த வளைவோடு முடிந்துவிடுகின்றது. முன்விளக்கை மின்னச் செய்தலும் இத்தகையதே. பிரித்தானியாவில் அதனைப் பலர் ‘நீங்கள் செல்லுங்கள்’ என்று கொள்கின்றனர். இலங்கை வீதிகளிலோ அது பெரும்பாலும் ‘நான் வருகிறேன், விலகி நில்’ என்று பொருள்படுகின்றது. இந்தியாவில் 1989 இல் ஆக்கப்பட்ட வீதி விதிகள், பின்வருபவரை முந்தவிடும் அனுமதிக்கு வலக்கையை முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசும் தனிச் சைகையொன்றை வகுத்தன. கருணைக்கும் தனக்கென ஒரு சொல் வேண்டும். அது மற்றொரு சொல்லை இரவல் வாங்கும்போது இரண்டும் பொருள் இழக்கின்றன. மரியாதை செய்யும் விருப்பம் மட்டும் போதாது, அம்மரியாதை ஐயத்துக்கு இடமின்றிப் புரியவும் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

சமிக்ஞை ஒரு வாக்குறுதியா? முற்றிலும் அன்று. திரும்ப எண்ணியவர் மனம் மாறி நேரே செல்லலாம். அதற்கு அவருக்கு உரிமையுண்டு. ஆனால் அம்மாற்றத்தையும் அவர் கூறியாக வேண்டும். திரும்பி முடிந்த பின்னரும் நிறுத்த மறந்த விளக்கு, எவரையும் ஏமாற்றும் நோக்கமின்றியே பொய் சொல்லிக்கொண்டு செல்கின்றது. இம்மானுவேல் கான்ட் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலில், எல்லாரும் பொய் வாக்குறுதி அளிப்பாராயின் வாக்குறுதி என்னும் வழக்கமே அழிந்துவிடும் என வாதிட்டார். வீதியில் இது கருத்தளவான வாதமன்று. அன்றாடம் காணும் உண்மை. பொய்விளக்குகள் மலிந்த வீதியில் மெய்விளக்கையும் எவரும் நம்புவதில்லை. பாதசாரி விளக்கை விட்டுச் சாரதியின் முகத்தைப் படிக்க முயல்கிறார். பனியில் முகம் தெரிவதில்லை.

சமிக்ஞை காட்டாமைக்கு மிகுதியாகக் கூறப்படும் நியாயம், ‘அங்கு எவரும் இல்லையே’ என்பதாகும். மேலோட்டமாக இது ஏற்கத்தக்கதே. கேட்பவர் இல்லாத இடத்திற் பேசுவது வீண். ஆனால் ‘எவரும் இல்லை’ என்ற தீர்ப்பை வழங்குபவர் யார்? வளைவுக்கு அப்பால் காண இயலாத அதே சாரதிதான். அவர் உண்மையில் அறிந்தது ‘எவரும் தெரியவில்லை’ என்பது மட்டுமே. தெரியாமைக்கும் இல்லாமைக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் விபத்துகள் பிறக்கின்றன. காணப்பட்ட மனிதரைச் சாரதி எப்படியும் தவிர்க்க முயல்வார். காணப்படாத மனிதரைக் காக்க வல்லது அவர் முன்கூட்டி வெளியிட்ட செய்தி ஒன்றே. ஆகவே சமிக்ஞை, கண்முன் உள்ளவர்க்கு அளிக்கும் வணக்கம் போன்றதன்று. தன் பார்வைக்கு எல்லையுண்டு என்பதை ஒருவர் ஒப்புக்கொண்டு, அவ்வெல்லைக்கு அப்பால் நிற்கக்கூடிய முகமறியா ஒருவரை நோக்கிக் கூறும் சொல் அது. எவரும் இல்லாதபோதும் அதனைக் காட்டும் பழக்கம் வீண் சடங்கன்று. எவரேனும் இருக்கும்போது அது தவறாதிருப்பதற்கான காப்பு.

மரியாதைக்கும் அறக்கடனுக்கும் இடையிலான வேறுபாடு இங்கு தெளிவாகின்றது. மரியாதை பெரும்பாலும் ஆளறிந்து செய்யப்படுவது. கடன் ஆளறியாமலும் செய்யப்பட வேண்டியது. மலையகத்தின் வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பே இம்மலைகளிற் காட்டை அழித்துத் தோட்டங்களையும் பாதைகளையும் அமைத்தது. 1885 இல் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்ததும் அவ்வுழைப்பின் காலத்திலேயே. ஆனால் பாதையை வெட்டியவர் அதன் ஓரத்துக்கு உரியவராகவே கருதப்பட்டனர். துரையின் வாகனம் வரும்போது தொழிலாளி ஒதுங்கி நிற்பதே மரியாதை எனக் கொள்ளப்பட்டது. அம்மரியாதை ஒரு திசையில் மட்டுமே ஓடியது. வலியவர் தம் போக்கை மெலியவர்க்கு அறிவிக்கவேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. மெலியவரே ஊகித்து விலக வேண்டும். சமிக்ஞை விளக்கின் அறம் இதனைத் தலைகீழாக்குகின்றது. அதன் ஒளி துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே செய்தியை ஒரே அளவிற் கூறுகின்றது.

திருக்குறளிற் கண்ணோட்டம் என்னும் 58 ஆம் அதிகாரம், இல்லறத்தையும் துறவறத்தையும் கூறும் அறத்துப்பாலில் அன்றிப் பொருட்பாலின் அரசியலிலே வைக்கப்பட்டுள்ளமை இங்கு எண்ணத்தக்கது. பிறரைக் கண்டு இரங்கும் பண்பு யாவர்க்கும் வேண்டியதே. எனினும் அது அதிகாரம் உடையவரிடமே சிறப்பாக எதிர்பார்க்கப்படுகின்றது என்ற குறிப்பை அவ்வைப்பு முறையிற் காணலாம். பல தொன் எடையுள்ள இயந்திரத்தைச் செலுத்துபவர், அச்சிறு நேரத்துக்கு ஒரு சிற்றரசரே. அவரது சிறு அலட்சியம் பிறரின் பெருந்துயராக முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 இல் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறந்தனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து செல்வோரும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும் ஆவர்.

இவ்வாறு கூறுவதால், குற்றம் முழுவதையும் சாரதியின் மனச்சாட்சியின் மீது சுமத்திவிடல் நீதியன்று. இலங்கையின் பஸ் சேவை 1958 இல் தேசியமயமாக்கப்பட்டது. 1979 இல் தனியாருக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. நாளாந்த வசூலை நம்பி ஓடும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி, நேரத்தோடும் முன்னே செல்லும் வண்டியோடும் போட்டியிட வேண்டியவராகிறார். அவசரத்தை விதித்த அமைப்பு, பண்பில்லையென்று அவரை மட்டும் கடிவது எளிது. மேலும், சமிக்ஞையால் ஆகாதவையும் உள. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயாவை அடுத்த ரதல்லைச் சரிவில், பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் ஒன்று வானொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியதில் 7 பேர் இறந்தனர். அத்தகைய சரிவிற் கட்டுமீறிய வாகனத்தை எந்த விளக்கும் தடுத்திராது. வீதியின் அமைப்பு, வாகனத்தின் பராமரிப்பு, தொழிலின் நிபந்தனைகள் ஆகியவற்றுக்குப் பொறுப்பானோரின் கடமையைச் சாரதியின் மரியாதை ஈடுசெய்யாது.

எனினும், பிறர் கடமை தவறினர் என்பது தன் கடமையைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. வீதியை அகலமாக்கப் பணம் வேண்டும். வேலை நிபந்தனைகளை மாற்றக் காலமும் போராட்டமும் வேண்டும். சமிக்ஞைக்கு வேண்டியது விரலின் ஓர் அசைவே. இவ்வளவு மலிவாகச் செய்யக்கூடியது என்பதனாலேயே அதனைச் செய்யாமை கனமான குற்றமாகின்றது. பெருந்தியாகம் செய்யத் தவறியவரை மன்னிக்க இடமுண்டு. விரலசைக்க மறுத்தவர்க்குச் சொல்வதற்குக் காரணம் எதுவுமில்லை.

கூடை சுமந்து நடப்பவளுக்குச் சமிக்ஞை விளக்கு இல்லை. இரு கைகளும் சுமையில் உள்ளபோது சைகை காட்டவும் அவளால் இயலாது. அவள் பிறரின் குறிப்புகளைப் படித்து நடக்க வேண்டியவளே அன்றித் தன் குறிப்பை வெளியிட வல்லவள் அல்லள். பேச வழியற்றவர் முன்னிலையில், பேச வழியுள்ளவர் மௌனமாயிருப்பது வெறும் மறதி ஆகாது. திரும்பும் உரிமை சாரதிக்கு உண்டு; அவர் திரும்பப்போவதை முன்னரே அறியும் உரிமை அவ்வீதியில் கால் வைத்த ஒவ்வொருவர்க்கும் உண்டு. முதலாவது உரிமைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இரண்டாவதற்கு மனிதராயிருத்தல் ஒன்றே போதும்.