இரக்கம் மட்டும் போதுமா?



சென்ற மாதம் ஒரு நாள் இரவு, கடையை அடைத்தபின் நண்பர்கள் இருவருடன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பேச்சு பல திசைகளிலும் ஓடி, கடைசியில் பிள்ளைகளின் படிப்பில் வந்து நின்றது. நண்பர் ஒருவருடைய பேரனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது மிகவும் கடினமாக இருக்கிறதாம். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவர் அவன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாராம்.

இதைக் கேட்ட மற்றொரு நண்பர், "இதுக்கெல்லாம் தனிப் பயிற்சி எதுக்கு நானா? நல்ல மனசுள்ள வாத்தியார் ஒருத்தர் இருந்தால் போதாதா? அதுவும் போக, ஒரு பிள்ளைக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு என்றால் மற்றப் பிள்ளைகளுக்கு அது அநியாயமில்லையா?" என்று கேட்டார்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம்மில் பலர் மனத்தில் உள்ள கேள்விகளே இவை. அன்றிரவு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தும் உறக்கம் வரவில்லை. பழைய தோழன் ஒருவனின் முகம் கண்முன் வந்து நின்றது.

நான் ஊரில் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலும் படித்தவன். அதற்கு மேல் படித்தவனல்லன். இரண்டு இடத்திலும் அந்தத் தோழன் என் பக்கத்தில் உட்காருவான். மதரஸாவில் காதால் கேட்டு மனனம் செய்வதில் அவனே முதல்வன். ஒரு முறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைத் திறந்து படிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்துகள் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவதுபோல இருக்கிறது என்பான். எங்களுக்கு வாய்த்த ஆசிரியர்கள் இருவர். ஒருவர் அவனைச் சோம்பேறி என்று எண்ணிப் பிரம்பால் அடித்தார். மற்றொருவர் மிகவும் இரக்கமுள்ளவர். "பாவம், அவனை விட்டுவிடு" என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, தேநீர் வாங்கி வரவும் கரும்பலகையைத் துடைக்கவும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவனும் மகிழ்ச்சியாகவே ஓடினான். நானோ அவனுடைய வீட்டுப்பாடம் முழுவதையும் எழுதிக் கொடுத்து, பெரிய நன்மையைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது அவன் என்னைத் தேடி வந்தான். வங்கியிலிருந்து வந்த கடிதம் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று நீட்டினான். அவனுக்கும் என்னைப்போல் நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது.

அடித்தவர் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். ஆனால் இரக்கப்பட்டவரும் கற்றுக்கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்த நானும் கற்றுக்கொடுக்கவில்லை. மூவரும் மூன்று விதமாக அவனைக் கைவிட்டோம் என்பதே உண்மை. ஆகவே நல்ல மனம் வேண்டுமா என்பதல்ல கேள்வி. அது கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதுமா என்பதே கேள்வி.

இது பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஓர் ஆசிரியரை வைத்து, அவர் பயிற்சி பெற்றே தீரவேண்டும் என்று விதி செய்த நாடு இங்கிலாந்து. அங்கே 1971 வரையில் சில பிள்ளைகளைக் கல்வி கற்க இயலாதவர்கள் என்று முத்திரை குத்தி, கல்வி இலாகாவின் பொறுப்புக்கு வெளியிலேயே வைத்திருந்தார்கள். பின்னர் மேரி வார்னக் என்னும் அம்மையாரின் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அந்த அம்மையார் வைத்தியரல்லர், தத்துவம் கற்பித்தவர். 1978ல் அக்குழு தந்த அறிக்கை, ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்காவது பள்ளிப் பருவத்தில் ஏதேனும் ஒரு சமயம் தனி உதவி தேவைப்படலாம் என்று கூறிற்று. அப்படியானால் இது எங்கோ ஒரு வீட்டின் துயரமல்ல, நம் எல்லார் வீட்டுக் காரியம் அன்றோ?

1994ல் வந்த வழிகாட்டி விதிகள், ஒவ்வொரு பொதுப் பள்ளியிலும் இதற்கென ஓர் ஒருங்கிணைப்பு ஆசிரியர் இருக்கவேண்டும் என்றன. ஆனால் பெயருக்கு ஒருவரை நியமித்தால் போதுமா? 2009 செப்டம்பர் முதல், புதிதாக அப்பொறுப்பை ஏற்பவர் 3 ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகத் தரத்திலான தனிப் பயிற்சியை முடித்தாக வேண்டும் என்று விதித்தார்கள். 2024 செப்டம்பர் முதல் அதற்குப் பதிலாகப் புதிய தேசியத் தகுதிப் பயிற்சி ஒன்று வந்திருக்கிறது. 3 ஆண்டுக் கெடு மாறவில்லை.

இத்தனை கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு செய்தி இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பள்ளிகளில் உதவியாளர்களை ஏராளமாக வேலைக்கு வைத்தார்கள். சிரமப்படும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது அவர்கள் வேலை. இந்த உதவியால் என்ன பலன் என்று லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான மாணவர்களைக் கவனித்து, 2009ல் முடிவை வெளியிட்டார்கள். உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதேபோன்ற தேவையுள்ள மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள்!

குற்றம் அந்த உதவியாளர்களுடையதல்ல. அவர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் போதிய பயிற்சி இல்லை. ஆசிரியரோடு கலந்து பேச நேரமும் ஒதுக்கப்படவில்லை. பிள்ளை கற்றுக்கொண்டதா என்று பார்ப்பதைவிட, பாடத்தை எழுதி முடித்ததா என்று பார்ப்பதே வேலையாகிப் போயிற்று. அந்தப் பிள்ளைக்குத்தான் உதவியாளர் இருக்கிறாரே என்று வகுப்பாசிரியரும் ஒதுங்கிக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்த நானும் அந்த உதவியாளர்களும் ஒரே தவற்றைத்தான் செய்திருக்கிறோம்.

ஒருங்கிணைப்பு ஆசிரியருக்குத் தரப்படும் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் தாமே தூக்கிச் சுமப்பது எப்படி என்று அவருக்குக் கற்பிப்பதில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் தம் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பேற்கும்படி செய்வது எப்படி, பெற்றோரோடு அமர்ந்து பேசுவது எப்படி, உதவியாளரை எங்கே வைப்பது, சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றையே கற்பிக்கிறார்கள். பிள்ளையின் தேவையைக் கண்டறிதல், திட்டமிடுதல், செய்தல், பலித்ததா என்று திரும்பப் பார்த்தல் என்று நான்கு படிகள் வகுத்திருக்கிறார்கள். வியாபாரிகளாகிய நமக்கு இது புதிதல்ல. சரக்கு இருப்பைப் பார்க்கிறோம், கொள்முதலுக்குத் திட்டமிடுகிறோம், விற்கிறோம், மாதக் கடைசியில் கணக்கு முடித்து எங்கே நஷ்டம் என்று தேடுகிறோம். கணக்கப்பிள்ளை இருக்கிறார் என்பதற்காகப் பேரேட்டைத் திரும்பிப் பாராத முதலாளி என்ன ஆவார் என்பதும் நமக்குத் தெரியும். தனி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக மற்ற ஆசிரியர்கள் கைகழுவிவிட்டால் அந்தப் பள்ளியின் கணக்கும் அப்படியே ஆகும்.

இனி, நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒருவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது மற்றவனுக்கு அநியாயமா? தராசு பிடிக்கும் நமக்குச் சமம் என்றால் சம எடை என்றே தோன்றும். ஒரே விலை கொடுத்த இருவரில் ஒருவருக்கு எடை குறைத்தால் அது மோசடி. ஆனால் கடையில் நாம் செய்வது நிறுத்துக் கொடுப்பது மட்டுமா? கை எட்டாத மூதாட்டி வந்தால் மேல்தட்டிலிருந்து சாமானை எடுத்துக் கொடுக்கிறோம். கண் மங்கியவருக்கு விலையைப் படித்துச் சொல்கிறோம். கை எட்டும் வாலிபர் யாரும், எனக்கு ஏன் எடுத்துத் தரவில்லை என்று சண்டைக்கு வருவதில்லை. சரக்கும் விலையும் எல்லோருக்கும் ஒன்றே; அதை அடையச் செய்யும் உதவி ஆளுக்கு ஏற்றது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய சரக்கு கல்வி. அது எட்டாத உயரத்தில் இருக்கும் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதைச் சலுகை என்று சொல்வது தகாது. அது அவனுக்கு உரியதைக் கொடுப்பதேயாகும்.

மற்றோர் ஐயமும் எழலாம். பயிற்சிப் பத்திரம் சுவரில் தொங்கினால் மட்டும் ஆசிரியர் நல்லவராகிவிடுவாரா? மாட்டார். தராசில் அரசாங்க முத்திரை இருப்பதனால் நிறுப்பவன் நேர்மையாளன் ஆகிவிடுவதில்லை. ஆயினும் நேர்மையாளனின் கையிலுள்ள பழுதான தராசும் தப்பாகத்தானே காட்டும்? அவனுடைய நல்லெண்ணம் வாங்குபவரின் நஷ்டத்தை ஈடு செய்யாது. மனமும் வேண்டும், சரியான தராசும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துப் படிக்கவைத்தாலே நியாயம் முடிந்துவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. வார்னக் அம்மையாரே 2005ல் எழுதிய சிறு நூலில் தம் பழைய கருத்துகள் சிலவற்றை மறுபரிசீலனை செய்தார். ஒரே கூரையின்கீழ் உட்காரவைப்பது மட்டும் சேர்த்துக்கொள்வதாகாது, கற்றல் என்னும் பொதுக் காரியத்தில் பிள்ளைக்குப் பங்கு கிடைக்கவேண்டும் என்பது அவர் கருத்து. என் தோழனும் எங்களோடு ஒரே கூரையின்கீழ்தான் இருந்தான்; கடைசி வரிசையில்.

நாம் வாழும் சிங்கப்பூரில் நிலைமை என்ன? கட்டாயக் கல்விச் சட்டம் 2003ல் நடைமுறைக்கு வந்தபோது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. 2019ல் அவர்களும் அச்சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். 2005 முதற்கொண்டே பொதுப் பள்ளி ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்குத் தேசியக் கல்விக் கழகத்தின் மூலம் இத்துறையில் பயிற்சி அளிக்கப்படலாயிற்று; தனி அலுவலர்களும் நியமிக்கப்பட்டார்கள். 2012ல் தொடங்கி, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை 3, 4ஆம் வகுப்புகளில் தனி வகுப்புகள் ஏற்பட்டன. நண்பரின் பேரனுக்குக் கிடைக்கும் கவனிப்பு இப்படி வந்ததே.

ஆனால் எத்தனை பயிற்சி பெற்ற அலுவலரானாலும், மறைத்து வைக்கப்பட்ட பிள்ளைக்கு அவர் என்ன செய்ய முடியும்? நாலு பேர் என்ன சொல்வார்களோ, நாளைக்குக் கலியாணச் சம்பந்தம் கெடுமோ என்று பயந்து, பிள்ளையின் சிரமத்தை வெளியில் சொல்லாத வீடுகள் நம்மில் உண்டு. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், கடையில் ஆள் இல்லை என்று சாக்குச் சொல்லி மனைவியை மட்டும் அனுப்பும் தகப்பன்மாரும் உண்டு. நானும் அப்படிச் செய்ததுண்டு, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். சரக்குக் கப்பல் தாமதமானால் பத்து முறை விசாரிக்கும் நாம், பிள்ளை படிப்பில் தாமதமானால் ஒரு முறையாவது நேரில் போய் விசாரிக்க வேண்டாமா? பொறுப்பிலுள்ள அலுவலர் யார், என்ன திட்டம் வைத்திருக்கிறார், வீட்டில் நாம் செய்யவேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்று கேட்பதற்கு நமக்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

என் நண்பருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இதுதான். இரக்கம் நம்மைப் பிள்ளையின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கும். உட்கார்ந்தபின் என்ன செய்வது என்பதை அறிவுதான் சொல்லவேண்டும். அந்த அறிவைத் தேடிப் பெறாத இரக்கம், நம் மனத்தைக் குளிரவைத்துவிட்டுப் பிள்ளையை இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது என் தோழன் மறுபடியும் கடிதத்தோடு வருவான். அதை நான் படித்துச் சொல்வேன். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்வதாக இல்லை. அவனுக்குக் கற்பிக்க எனக்குத் தெரியாது. கற்பிக்கத் தெரிந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க என்னால் முடியும். முப்பது ஆண்டுகள் தாமதமாகிவிட்டது. நம் பிள்ளைகள் விஷயத்தில் அவ்வளவு தாமதம் நேராமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய கடமையாகும். சிந்திப்போமாக!