காம்பரா வீடாகுமா?

யட்டியாந்தோட்டையிலிருந்து மலைப்பக்கமாக ஏறிச் செல்லும் பாதையொன்றில், இறப்பர் மரங்களுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் லயன் ஒன்றுக்கு நாம் அண்மையில் சென்றிருந்தோம். எம்மை வரவேற்ற மூதாட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். இப்போது வேலைக்குப் போக உடலில் வலுவில்லை. மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். மருமகள் பேர் பதிந்து வேலைக்குப் போவதனால் காம்பரா இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது.

"அந்தப் புள்ளையும் வேலைய விட்டுட்டா காம்பராவக் கேப்பாங்கன்னு சொல்றாங்க ஐயா. எங்க மாமியா கண்ண மூடுனது இதுல. நான் புள்ள பெத்தது இதுல. அப்ப இது யாரு வீடு?" என்று அவர் கேட்டார்.

சட்டம் இதற்கு உடனே விடை சொல்லிவிடும். நிலம் அரசினுடையது, 1992 முதல் அதனை நிர்வகிப்பது கம்பனி, லயன் தோட்டத்தின் சொத்து, குடியிருப்பவர் தொழிலாளி என்ற வகையில் அங்கே தங்கியிருக்கிறார். ஆனால் மூதாட்டி கேட்டது அறத்தின் கேள்வி. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் பிறந்து, உழைத்து, இறந்தவர்களுக்கு அந்த இடத்தின்மீது உரிமை ஏதும் பிறக்கிறதா? அல்லது உழைப்புத் தேவைப்படும்வரை மட்டுமே அவர்கள் அங்கே இருக்கலாமா? வீடு என்பது மனிதனின் உரிமையா, அவனது கூலியில் ஒரு பகுதியா? தோட்டக் குடியிருப்பைச் செங்கல்லும் சீமெந்தும் தகரமும் பற்றிய பிரச்சினையாகவே பலர் பேசுகின்றனர். நாம் அதனை முதலில் இந்தக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

லயனின் அமைப்பே அதனைக் கட்டியவர்களின் கொள்கையைச் சொல்லும். நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாகக் காம்பராக்கள். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன். ஒரு காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே சிறியதோர் இஸ்தோப்பு. காலையில் பிரட்டுக்கு எத்தனை பேர் வந்து நிற்பர் என்பதே கட்டியவர்களின் கணக்கு. பிள்ளை பிறக்கும், மகனுக்குக் கல்யாணம் நடக்கும், தகப்பன் முதுமையடைவான் என்பவை அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே மூத்த மகன் மணம் முடித்ததும் இஸ்தோப்பு தகரத்தால் அடைபட்டு அறையாகிறது. அடுத்தவனுக்கு அடுப்படியின் ஒரு மூலை ஒதுங்குகிறது. சோதனைக்குப் படிக்கும் பெண் எல்லோரும் உறங்கும்வரை காத்திருந்து புத்தகத்தைத் திறக்கிறாள். தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியர்கள், வீட்டுவேலை செய்யாமல் வரும் பிள்ளையைக் கடியுமுன், அந்தப் பிள்ளைக்கு எழுதுவதற்கு ஒரு பலகையளவு இடமாவது உண்டா என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

இந்த நெருக்கடிக்குக் காரணம் கேட்டால், சனத்தொகை பெருகிவிட்டது, நிலம் பெருகவில்லை என்ற விடை வருகிறது. கேட்பதற்கு விஞ்ஞானம் போலத் தோன்றும் இந்த விடையைச் சற்று உரைத்துப் பார்ப்போம். 1946 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இலங்கையின் மக்கள் தொகை ஏறக்குறைய 66 இலட்சத்து 57 ஆயிரம். அவர்களுள் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம். 2012 இல் நாட்டின் மக்கள் தொகை 2 கோடி 3 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தியத் தமிழராகப் பதியப்பட்டோரோ ஏறக்குறைய 8 இலட்சத்து 39 ஆயிரம் மட்டுமே. நாடு மும்மடங்காகப் பெருகிய காலத்தில் இந்த மக்கள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். சிலர் இப்போது இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்வது உண்மையே. ஆனால் பெருங்காரணம் வேறு. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974 இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இவ்வாறு கப்பலேற்றப்பட்டு எண்ணிக்கை குறைந்த பின்னரும் எஞ்சியோருக்கு இடமில்லை என்றால், குறை மக்கள் பெருக்கத்தில் இல்லை. யாரைக் குடிகளாகக் கொள்வது, யாரை வேலையாட்களாக மட்டும் கொள்வது என்ற பாகுபாட்டில்தான் இருக்கிறது.

இந்தப் பாகுபாடு அப்பட்டமாக வெளிப்பட்டது எமது கேகாலை மாவட்டத்திலேயே. தொழிலாளர் நாவில் உருளவள்ளி என்று வழங்கிய நேவ்ஸ்மியர் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்கென அரசு எடுத்துக்கொண்டது. அயற் கிராமத்து மக்கள் பெருகிவிட்டனர்; அவர்களுக்குக் காணி வேண்டும் என்பது காரணம். அந்தக் காரணம் பொய்யன்று. சப்பிரகமுவவில் தோட்டங்கள் கிராமங்களை நெருக்கிக்கொண்டே வளர்ந்தன. சிங்கள விவசாயியின் காணிப்பசி மெய்யான பசி. ஆயினும் அதே மண்ணில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளருக்கு 1946 இல் கிடைத்தது வெளியேறும்படியான அறிவித்தல். அவர்கள் வெளியேற மறுத்தனர். அத்துமீறிக் குடியிருந்த குற்றத்துக்காக அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை இந்தியன் காங்கிரஸின் தலைமையில் பல தோட்டங்களின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

ஒருவன் தான் வாழ்ந்த காம்பராவிலேயே அத்துமீறியவன் ஆவது எவ்வாறு? வீடு கூலியின் பகுதியாக இருந்தால் மட்டுமே இது இயலும். வேலை நின்றதும் கூலி நிற்கிறது. கூலியோடு கூரையும் போகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத்து நியாயத்தை நாடு முழுவதற்கும் விரித்தது. குடியிருப்புக்கு உரிமையில்லாதவனுக்குக் குடியுரிமையும் இல்லை என்றாயிற்று. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகளாக இவற்றைக் காண்பது சரியன்று.

பழியை முழுவதும் பிறர்மேல் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ளலாகாது. 1970 முதல் 1975 வரை இடதுசாரிகள் அமைச்சரவையில் இருந்தனர். யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியான கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சர், கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்ட அமைச்சர். பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சர். 1973 இன் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தினால் நகரத்து வாடகைக் குடியினர் பலர் தாம் இருந்த வீட்டுக்கு உரிமையாளராயினர். முற்போக்கான சட்டம், ஐயமில்லை. ஆனால் லயன் காம்பராவில் இருந்தவருக்கு அதன் பயன் எட்டவில்லை. 1972 இன் காணிச் சீர்திருத்தம் தனியுடைமையாளர் ஒருவருக்கு 50 ஏக்கர் வரை விட்டுவைத்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. துரையின் இடத்தில் அரசு வந்தது. தொழிலாளியின் காம்பரா அவ்வாறே இருந்தது. அரசுடைமையாவது வேறு, உழைப்பவன் உரிமை பெறுவது வேறு என்பதை அன்று நாம் உரத்துச் சொல்லியிருக்க வேண்டும். குடியுரிமையற்றவனுக்கு வாக்கில்லை, வாக்கில்லாதவனை மறப்பது இடதுசாரிக்கும் எளிதாகவே இருந்தது.

மக்கள் பெருக்கமும் வீடமைப்பும் இன்று உலகெங்கும் பேசப்படும் விஷயங்கள். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், கிரீன் ஸ்குவேர் என்னும் பழைய தொழிற்சாலைப் பகுதியில் அடுக்குமாடிகள் நெருக்கமாக எழுந்துள்ளன. வீடுகள் வளர்ந்த வேகத்தில் பள்ளிக்கூடமும் போக்குவரத்தும் வளரவில்லை என்று அங்குள்ளோர் குறைகூறி வந்துள்ளனர். அவர்களுடைய குறை நியாயமானதே. ஆனால் அந்தக் குறையைச் சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு நகரசபை இருக்கிறது. கேட்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. எமது தோட்டத்தவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்துப் பாதை தனியார் பாதை. தோட்டத்துப் பீலி தனியார் பீலி. வாக்களித்து உறுப்பினரைச் சபைக்கு அனுப்பலாம்; அந்த உறுப்பினர் வாக்களித்தவரின் வாசலுக்கு ஒரு பாதை போட முடியாது. இந்தப் பிரிவு திருத்தப்படுவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோயாளியைத் துணியில் கிடத்தித் தோளில் சுமந்து வந்த தலைமுறைகளுக்கு அந்தத் திருத்தம் காலந்தாழ்ந்தே வந்தது.

வீட்டுரிமை கேட்கும்போது, எம்மவரிடமிருந்தே ஒரு மறுப்பு எழக்கூடும். 1872 இல் ஏங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினையைப் பற்றி எழுதியபோது, தொழிலாளிக்கு ஒரு சிறு வீட்டையும் தோட்டத்தையும் சொந்தமாக்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற வாதத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போடும். பேரம் பேசும் வலிமையைக் குறைக்கும். முதலாளி கூலியைக் குறைப்பதற்கே அது உதவும் என்பது அவர் கருத்து. இதனை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஏழு பேர்ச் காணியைக் கொடுத்துவிட்டு, அதைக் காட்டியே கூலி உயர்வை மறுக்கும் நாள் வரலாம்.

ஆயினும் ஏங்கெல்ஸ் அதே எழுத்தில், முதலாளி கட்டிக்கொடுக்கும் வீடு வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளியின் கழுத்தை நெரிக்கும் கயிறாவதையும் காட்டியுள்ளார். எமது தோட்டத்தவர் ஏற்கெனவே அந்தக் கயிற்றில்தான் இருக்கின்றனர். சொந்த வீடு கட்டிப்போடும் என்று அஞ்சுவதற்கு, முதலில் ஒருவன் கட்டற்றவனாக இருக்க வேண்டும். காம்பராவை இழக்காதிருக்க மருமகள் ஒருத்தி பிடிக்காத வேலைக்குப் போவது கட்டுண்ட வாழ்வு அன்றோ? வேலையிலிருந்து வீட்டைப் பிரிப்பதே இங்கே சுதந்திரத்தின் முதற்படி. வேலையை விட்டாலும் வீடு நிற்கும் என்றால்தான் தொழிலாளி துணிந்து கூலி கேட்பான். அவன் மகள் துணிந்து வேறு தொழிலைத் தேடுவாள்.

ஏழு பேர்ச் என்பது எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 160 பேர்ச். ஆகவே அது ஏக்கரில் ஏறத்தாழ இருபத்துமூன்றில் ஒரு பங்கு. 1972 இன் சட்டம் தனியொருவருக்கு விட்டுவைத்த 50 ஏக்கர் என்பது 8,000 பேர்ச். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், தோட்டத் தொழிலாளி அளவுக்கு மீறிக் கேட்கிறான் என்று சொல்ல நா கூசுவர். மேலும், வீடு கட்டிக் கொடுக்கப்பட்ட இடங்களிலும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் பல. உறுதியில்லாத புதுவீடு, ஓடு மாற்றிய காம்பராவே.

இடத்தைத் தேர்வதும் ஓர் அறப் பிரச்சினையே. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே மழையில் புலத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தின் லயனும் மண்ணுள் புதைந்தது. கிராமத்துச் சிங்களவரும் லயத்துத் தமிழரும் ஒரே நாளில் மடிந்தனர். சரிவான மண்ணில் குடியிருப்போர் அதனை விரும்பித் தேர்ந்தவர்கள் அல்லர். நல்ல நிலம் பயிருக்கு, மிஞ்சிய நிலம் மனிதருக்கு என்ற பழைய ஏற்பாடு இன்றும் உயிர் குடிக்கிறது.

அந்தச் சாவில் ஒன்றானவர்கள் வாழ்விலும் ஒன்றாக வேண்டும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டதையும் லயன்கள் எரிந்ததையும் எவரும் மறக்க இயலாது. அயலவனின் நட்பில்லாமல் உறுதிப் பத்திரம் மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது. கிராமத்தானின் காணிப்பசிக்குத் தொழிலாளியின் காம்பராவைக் கொடுத்ததே 1946 இன் சூழ்ச்சி. அதற்கு மாறாக, காணியற்ற கிராமத்தானும் காம்பராவில் நெருங்கியவனும் ஒரே கோரிக்கையை ஒருங்கே எழுப்ப வேண்டும். இரு மொழியும் அறிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் சப்பிரகமுவவில் இருக்கின்றனர். இப்பணிக்கு அவர்களைவிடத் தகுந்தவர் வேறு யார்?

நாம் புறப்படும்போது மூதாட்டி இஸ்தோப்பைக் கூட்டிக்கொண்டிருந்தார். சுவரோரம் அவர் நட்ட கறிவேப்பிலை மரம் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. யாருடைய வீடு என்ற கேள்விக்கு எம்மிடம் அன்று விடையில்லை. எம் மனத்தில் ஐயமும் இல்லை. அந்த விடையைச் சட்டமாக எழுதும்வரை அவரது கேள்விக்கு நாம் அனைவரும் கடன்பட்டவர்களே.