ஸ்டிக்கர் ஒட்டாத ஃபிரேம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி மலை கிடையாது. ராமேசுவரம் தீவில் உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரில்தான் பர்வதம், ராமர் பாதம் இருக்கும் மணல்மேடு அது. இந்த ஊரில் ஒருவருக்கு மலை சைக்கிள் கட்டும் ஆசை வந்தால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். தங்கச்சிமடம் பக்கத்துத் தோப்புகளின் மணல் தடத்தில் ஒல்லி டயர் சைக்கிளை உருட்டிப் பார்த்தவருக்கு வராது. சக்கரம் புதையும், இறங்கித் தள்ள வேண்டும். மாவட்டத்தின் உள்பகுதிக்குப் போனால் சீமைக்கருவேல முள். ட்யூப் இல்லாத அகலமான டயரில் காற்றைக் குறைத்து, உள்ளே பால் போன்ற சீலன்ட் ஊற்றி ஓட்டினால், மணலில் மிதந்து போகலாம். முள் குத்திய ஓட்டையும் தானே அடைபடும். மலை இல்லாவிட்டாலும் மலை சைக்கிளுக்கு இங்கே வேலை இருக்கிறது.

அப்படி ஆசை வந்த ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனியின் கார்பன் சைக்கிள் லட்சங்களில் விலை சொல்கிறது. சீனத் துறைமுக நகரமான ஷியாமென் பக்கத்து விற்பனையாளர்களிடம் ஸ்டிக்கர் ஒட்டாத கறுப்பு ஃபிரேம் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. சரக்குக் கட்டணம், சுங்க வரி எல்லாம் சேர்த்தும் கணக்குக் கட்டுபடியாகிறது. ஃபோர்க், சக்கரம், பிரேக், கியர் எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்போது எழும் கேள்வி சைக்கிளைத் தாண்டியது: நாம் பெயருக்கு இவ்வளவு காசு கொடுக்கிறோமே, அந்தக் காசுக்குப் பதிலாக நமக்கு என்னதான் கிடைக்கிறது?

மலை சைக்கிள் எந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்திலும் பிறக்கவில்லை. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1970களில், சில இளைஞர்கள் 1930களின் கனமான ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, மோட்டார் சைக்கிள் உதிரிகளைப் பூட்டி, மண் சரிவில் இறக்கினார்கள். 1976இல் போட்டியே வைத்தார்கள். இறங்கும் வேகத்தில் பின் பிரேக்கிலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் கழற்றிப் புதிதாக அடைக்க வேண்டும். இந்த மண் சரிவு ஓட்டத்துக்கென்றே முதல் ஃபிரேமை ஜோ பிரீஸ் 1977இல் தன் கையால் பற்றவைத்தார். கம்பெனிகள் பிறகுதான் வந்தன. 1981இல் அமெரிக்கக் கம்பெனியான ஸ்பெஷலைஸ்டு விற்பனைக்கு விட்ட ஸ்டம்ப்ஜம்பரும் ஜப்பானில் செய்யப்பட்டதுதான்.

ஷ்வினின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய பெயர் அது. 1980களில் அந்தப் பெயரில் விற்ற சைக்கிள்களில் பெரும்பகுதியைச் செய்துகொடுத்தது தைவானின் ஜயன்ட், 1972இல் தொடங்கிய கம்பெனி. பெயர் ஓரிடத்தில், கை வேறிடத்தில். ஷ்வின் ஆர்டரைச் சீனாவுக்கு மாற்றியபோது ஜயன்ட் தன் சொந்தப் பெயரைப் பலப்படுத்திக்கொண்டது. ஷ்வின் 1992இல் திவாலானது. இன்றும் உலகின் கார்பன் ஃபிரேம்களில் பெரும்பாலானவை சீனாவிலும் தைவானிலும்தான் உருவாகின்றன, அதில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் சரி.

நம் ஊரிலும் ஒரு பெயர் இப்படி அலைந்து வந்திருக்கிறது. பெயரில்லாத அந்த ஃபிரேமின் அளவுப் பட்டியலில், பெடல் அச்சு உட்காரும் இடத்துக்கு நேரே ‘பி.எஸ்.ஏ.’ என்று போட்டிருக்கும். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கிக் கம்பெனியின் மரைக் கணக்கு அது. வலப்பக்க மரை மட்டும் எதிர்த்திசையில் சுற்றும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பினால் மரை போய்விடும். அந்தக் கம்பெனி என்றோ ஓய்ந்துவிட்டது. அதன் பெயரோடு சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. தொழிற்சாலையிலிருந்து வந்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிள் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் ஓடியது.

இதையெல்லாம் பார்த்தால் பெயர் வெறும் ஸ்டிக்கர், அதற்குக் காசு கொடுப்பவர் ஏமாளி என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பெயரில்லாத ஃபிரேம் வாங்குபவர்களில் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். பாதிதான் சரி.

கார்பன் ஃபிரேமை இயந்திரம் வார்த்துத் தள்ளுவதில்லை. பிசின் ஊறிய கார்பன் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் என்ற வரிசைப்படி தொழிலாளர்கள் கையால் அடுக்குகிறார்கள். பிறகு எஃகு அச்சுக்குள் வைத்து, உள்ளே பை ஊதி, சூடேற்றி இறுக்குகிறார்கள். ஒரு துண்டு சுருங்கியிருந்தாலும், ஓரிடத்தில் ஒரு அடுக்கு குறைந்திருந்தாலும் வெளியே தெரியாது. இரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்கும். கார்பன் பல நேரம் அந்த அவகாசம் தராது. நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று வந்த ஓசை ஓரிடத்தில் மந்தமானால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். அதற்கு மேல் வீட்டில் இருந்தபடி அறிய முடிவது கொஞ்சம். மலை சைக்கிள் ஃபிரேமுக்கு ஐ.எஸ்.ஓ. 4210 தரவிதி கேட்கும் பெடல் சோதனையில் 1,200 நியூட்டன் விசையை 1,00,000 முறை கொடுக்க வேண்டும். ‘பாஸ் ஆகிவிட்டது’ என்று விற்பனையாளர் ஒரு வரி எழுதி அனுப்பலாம். வீட்டுத் திண்ணையில் அதைச் சரிபார்க்க வழியில்லை.

இந்தக் கடற்கரைக்குப் பெயரில்லாத பொருள் புதிதல்ல. பாம்பனிலும் மண்டபத்திலும் ஓடும் ஃபைபர் வல்லமும் இதே முறைதான்: அச்சு, கண்ணாடி இழை மேட், ரெசின், கையால் அடுக்குவது. அதற்கு விளம்பரமோ ஷோரூமோ கிடையாது. ஆனால் வாங்குபவருக்குக் கட்டியவரைத் தெரியும். பட்டறையில் நின்று எத்தனை மேட் போகிறது என்று பார்க்கலாம். பிளவு விட்டால் அதே வாசலுக்குப் போய்ச் சத்தம் போடலாம். மர வல்லம் கட்டிய ஓடாவிக்கும் அதே கதி. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், உறவினர் அகமது ஜலாலுதீனின் துணையோடு கடற்கரையில் படகு கட்டினார், ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச்செல்ல. மரத்தைத் தீயில் வாட்டிப் பதப்படுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்த சிறுவன் பின்னாளில் அதை எழுதியிருக்கிறார். அந்தப் படகைப் புயல் கொண்டுபோய்விட்டது. அதில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை. யார் கட்டியது என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

அந்தச் சிறுவனின் தொழிலும் கடைசியில் இதே இழைகளில் வந்து நின்றது. 1989 மே 22 அன்று பறந்த அக்னி ஏவுகணையின் முனைப்பகுதி, வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும் வெப்பத்தைத் தாங்கக் கார்பன் கூட்டுப்பொருளால் ஆனது. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில், மூன்று கிலோ இரும்புக் காலிப்பரை இழுத்து நடந்த போலியோ குழந்தைகளுக்காக 300 கிராமில் கூட்டுப்பொருள் காலிப்பர் செய்துகொடுத்ததைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லி மகிழ்ந்தார். அந்தக் காலிப்பரின் மேலும் ஸ்டிக்கர் பெரிதில்லை. பின்னால் ஒரு ஆய்வுக்கூடமும் ஒரு மருத்துவமனையும் பொறுப்பேற்று நின்றன.

ஆக, ஷியாமென் ஃபிரேமில் விடுபட்டிருப்பது ஸ்டிக்கர் மட்டுமில்லை, பட்டறை வாசலும்தான். பெயருள்ள கம்பெனியும் தவறு செய்யும். சக்கரத்தின் குயிக் ரிலீஸ் நெம்புகோல் முன் பிரேக் தட்டில் சிக்கக்கூடும் என்று ட்ரெக் 2015இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. அழைப்பதற்கு ஒருவர் இருந்தார் என்பதுதான் அங்கே காசுக்குக் கிடைத்தது. மலிவு ஃபிரேம் வாங்குபவர் அந்த வேலையையும் சேர்த்து வாங்குகிறார். டார்க் ரெஞ்ச் அவரே வாங்க வேண்டும், சீட் கிளாம்ப் போல்ட்டில் குறித்த அளவுக்கு மேல் முறுக்காமல் நிறுத்த வேண்டும், அடிபட்ட இடத்தை வாரா வாரம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கரையில் கூடுதலாக ஒன்று உண்டு. கார்பன் துருப்பிடிக்காது என்று நம்பி அரிச்சல்முனை வரை போய்வருபவர் கவனிக்க வேண்டியது அதன் பக்கத்திலிருக்கும் அலுமினியத்தை. இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் இறங்கினால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். கார்பன் அப்படியே இருக்க, அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். சீட் கம்பம் குழாய்க்குள் இறுகிப்போய்க் கழற்றவே வராது. நல்ல தொழிற்சாலை இடையில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்று வைத்திருக்கும். வைத்ததா என்பது இங்கும் வெளியே தெரியாது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் காலமெல்லாம் பெயின்ட் அடித்தே காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. ரயில்வேயே இவ்வளவு பாடுபடும் காற்றில், சைக்கிள்காரர் மாதம் ஒருமுறையாவது சீட் கம்பத்தை உருவித் துடைத்து, பேஸ்ட் தடவித் திரும்பப் போடத்தான் வேண்டும்.

இத்தனையும் செய்தால் அந்தச் சைக்கிள் அவருக்குப் போதும். அவர் எலும்பு, அவர் துணிச்சல். சிக்கல் வருவது, பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “அண்ணே, ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா?” என்று கேட்கும்போது. பெயருள்ள சைக்கிளாக இருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடுவார். கெட்டால் கம்பெனி என்று மனதின் ஓரத்தில் ஒரு சாக்கு இருக்கும். இங்கே அது இல்லை. பிறகு ஒருநாள் விற்க நினைத்தாலும் இதே கதைதான்: நன்கு தெரிந்த பெரிய கம்பெனியின் ஸ்டிக்கரை இணையத்தில் வாங்கி ஒட்டினால் விலை கூடும், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒட்டாமல் விற்கிறவர், எந்த ஊர் ஃபிரேம், எப்போது விழுந்தது, எங்கே தட்டினால் ஓசை மாறுகிறது என்று வாங்குபவரிடம் வாய்திறந்து சொல்லியாக வேண்டும்.