குற்றவாளி யார்?

வண்டி கிளம்பவில்லை!

திருப்பூர் காதர்பேட்டையில், பனியன் பண்டல்கள் படி தாண்டித் தெருவரை வந்து நிற்கும் ஒரு சந்தில், பழைய டீசல் அம்பாசிடர் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். காலை நேரம். கடைக்காரர் ஈரோட்டுச் சந்தைக்குப் புறப்பட்டாக வேண்டும். சாவி திருகப்படுகிறது, எஞ்சின் சுற்றுகிறது, முனகுகிறது, ஓய்கிறது. மீண்டும் திருகல், மீண்டும் முனகல். ஐந்து நிமிடத்தில் ஐந்து பேர் கூடிவிடுகிறார்கள். ஆளுக்கொரு காரணம்!

"நேற்று அமாவாசை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்காமல் எடுத்தீர்கள்" என்கிறார் ஒருவர். "எதிர்க்கடைக்காரர் கண் பொல்லாதது" என்கிறார் மற்றவர். பாட்டரி போய்விட்டது என்பது மூன்றாமவர் கட்சி. பம்பையும் நாசிலையும் கழற்றிக் கோவைக்கு அனுப்பச் சொல்கிறார் நான்காமவர். இறுதியாகக் கடைக்காரரே தீர்ப்பு வழங்குகிறார்: "டிரைவர் டீசலை எடுத்து விற்றிருக்கிறான். டாங்கி வற்றி ஏர் பிடித்துக்கொண்டது. திருடனை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள்!"

முதலிரு காரணங்களைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். சிரிப்பது எளிது, தோழர்களே! ஐந்தாவதைக் கேட்டு நம்மில் எத்தனை பேர் சிரிப்போம்? அது அறிவின் ஆடையை உடுத்திக்கொண்டல்லவா வருகிறது! டாங்கி வற்றினால் குழாயில் காற்று புகும் என்பது உண்மை. காற்று புகுந்தால் டீசல் எஞ்சின் கிளம்பாது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளின் தோளில் ஏறி வருகிற பழியை வாசலில் நிறுத்தி விசாரிப்பவர் யார்? எலுமிச்சம்பழக் காரணத்தால் இன்று வீணாவது ஒரு பழம். இந்தக் காரணத்தால் அணைவது ஓர் ஏழை வீட்டு அடுப்பு.

ஆகவே நாம் கேட்கிறோம்: ஒருவன்மீது பழி சுமத்துமுன், காரணத்தை எவ்வளவு தூரம் தேடக் கடமைப்பட்டிருக்கிறோம்?

விடை எஞ்சினுக்குள்ளேயே கிடக்கிறது. பெட்ரோல் வண்டியில் மின்பொறி தீ மூட்டும். டீசலில் அப்படி ஒரு பொறி கிடையாது. காற்றை உள்ளிழுத்து இருபது மடங்குக்கு மேல் நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது. அந்த நொடியில் நாசில் வழியே புகையெனத் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு முதல் சூடு தர ஹீட்டர் பிளக்குகள். இந்த எஞ்சினைக் கண்ட ருடால்ப் டீசல், செர்மனியின் ஆக்சுபர்க் நகரில் 1893-இல் முதல் சோதனை நடத்தினார். எஞ்சின் தானாக ஓடவில்லை. 1897-இல்தான் உலகம் ஒப்புக்கொள்ளும் வெற்றி! 'ஏன் ஓடவில்லை' என்ற கேள்வியோடு நான்காண்டு மல்லுக்கட்டியவரின் பெயரைத் தாங்கிய எஞ்சினுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வழங்குகிறோம் நாம். அம்பாசிடரில் டீசல் எஞ்சின் வந்தது 1980-இல். உத்தர்பாரா தொழிற்சாலையில் அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது. இன்று ஓடுபவை அனைத்தும் முதுமை எய்தியவை. முதியவருக்கு நோய் வந்தால் மருத்துவர் நாடி பார்ப்பாரா, வேலைக்காரனை விரட்டுவாரா?

நாடி பார்ப்போம். செல்ப் மோட்டார் எஞ்சினைத் தளர்வாகச் சுற்றுகிறதா, விறுவிறுப்பாகவா? தளர்வென்றால் பாட்டரியையும் அதன் கம்பி முனைகளையும் ஐயுறலாம். விறுவிறுப்பாகச் சுற்றியும் கிளம்பவில்லையானால், பின்னால் சென்று புகைக்குழாயைப் பார்க்கவேண்டும். வெண்புகை வருகிறதென்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. ஹீட்டரையோ எஞ்சினின் அமுக்கத்தையோ விசாரிக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவேயில்லை. ஒரு பார்வை, பாதிப் பேர் விடுதலை! ஆனால் சந்தில் கூடிய ஐவரில் ஒருவரேனும் பின்பக்கம் சென்றாரா? எல்லோரும் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தனர்.

இங்கே புகை இல்லை என்று கொள்வோம். 'பார்த்தீர்களா, ஏர்! நான் சொன்னேனே!' என்று கடைக்காரர் துள்ளுவார். பொறுங்கள். டாங்கியில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தீரா? இல்லை. சரி, விடுவோம். குச்சி நனையாவிட்டால், 'திருட்டு தெரிகிறதல்லவா!' நனைந்தால், 'விடியுமுன் ஊற்றி நிரப்பிவிட்டான், கள்ளன்!' நனைந்தாலும் திருடன், நனையாவிட்டாலும் திருடன். எந்தக் குச்சியாலும் பொய்யாக்க முடியாத காரணம்! பலித்தால் சோதிடம் மெய், பலிக்காவிட்டால் பிறந்த நேரம் குறித்தது பிழை என்று தப்பிக்கிறாரே சோதிடர், அவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் பஞ்சாங்கம் வைத்திருக்கிறார், இவர் வைத்திருக்கவில்லை.

மெய்யான காரணமோ தன்னைச் சோதிக்க இடம் கொடுக்கும். டாங்கி வற்றியதால் புகுந்த காற்றானால், டீசல் ஊற்றி ஒருமுறை ஏர் எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் இந்த வண்டியோ, ஏர் எடுத்த பின்னும் காலைதோறும் அடம் பிடிக்கிறது. நடுப்பகலில் அரைமணி நின்றால் உடனே கிளம்புகிறது. ஒருநாள் திருட்டு, ஒவ்வொரு விடியலிலும் எப்படி வந்து நிற்கும்? இரவில் ஏதோ நடக்கிறது. இரவுக் குளிரா? குளிரால் ஹீட்டர் தோற்றதென்றால் வெண்புகை வந்திருக்கவேண்டும். வரவில்லை.

இப்போது டாங்கியிலிருந்து எஞ்சின்வரை செல்லும் டீசல் ஓஸைப் பார்ப்போம். மெக்கானிக் ஒரு பிடி பனியன் வேஸ்டை எடுத்துக் குழாய் நெடுகத் துடைக்கிறார். (திருப்பூரின் வெட்டுத்துணி போகாத பட்டறை தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் பம்பையோ நாசிலையோ திறக்கும்போது அதைக் கிட்டே கொண்டுவராதீர்கள்; ஒரு பஞ்சிழை போதும் கெடுக்க.) துணியில் ஈரமில்லை. தரையிலும் ஒரு சொட்டு இல்லை. 'ஒழுக்கே இல்லை' என்று முடிவு கட்டலாமா? கூடாது. அது உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். இரவெல்லாம் காற்று மெல்ல நுழைய, டீசல் தாழ்வான டாங்கிக்கே திரும்பிச் சரிந்துவிடுகிறது. கறை படியாத குற்றம்! எஞ்சின் அருகே ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை இடையில் இணைத்துச் சுற்றச் சொல்லுங்கள். குமிழிகள் வரிசையாக ஓடிவரும். ஐயம் தீராதோர் அந்தப் பழைய ஓஸை விலக்கி, ஒரு கேனில் டீசல் நிரப்பி உயரத்தில் தொங்கவிட்டு, ஏர் எடுத்து, இரவு முழுதும் விட்டுவைக்கட்டும். ஏர் எடுத்த உடனே கிளம்பினால் அது சாட்சியாகாது, விடிந்தபின் கிளம்பவேண்டும்.

'பாட்டரிதான்' என்றாரே மூன்றாமவர், அவர் கதை சுவையானது. காலைதோறும் நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பாட்டரி சோர்ந்தது மெய். புதிது போட்டால் இன்னும் நெடுநேரம் சுற்றும். அந்தச் சுற்றலில் டீசல் ஏறிவந்து வண்டி கிளம்பியும்விடும்! 'நான் சொன்னது பலித்தது' என்று மார்தட்டுவார். விளைவைக் காரணமென எண்ணி ஆயிரக்கணக்கில் செலவழித்தாயிற்று. விரிசல் அப்படியே இருக்கிறது.

இவையெல்லாம் கல்லூரியில் கற்றோர் பேச்சு என்று எவரும் ஒதுங்கவேண்டாம். பள்ளிப்படிப்பு மிகுதியில்லாத ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சி-பழனி தடத்தில் ஒரு பேருந்தோடு தொடங்கியவர். அவ்வளவு தொலைவுகூட வேண்டாம். இதே காதர்பேட்டைக்கு வருவோம். நிட்டிங் துணியில் நெடுக்காக ஒரு கோடு விழுந்தால் நம் தொழிலாளி ஊசியைப் பார்க்கிறார். குறுக்கே பட்டை விழுந்தால் நூலைப் பார்க்கிறார். கோட்டின் திசையே அவருக்குச் சாட்சி. துணிக்குக் கண்ணேறு என்றும் சொல்வதில்லை, கோடு விழுந்ததற்கு ஊசி மாட்டியவனைத் திருடன் என்றும் சொல்வதில்லை. அந்தத் துணியைச் செகண்ட்ஸ் என்று பிரித்து விற்கத் தெரிந்த கடைக்காரர், டிரைவர் செய்தியில் மட்டும் சாட்சியின்றித் தீர்ப்புக் கூறுகிறார். ஏன்? துணி கெட்டால் நட்டம் அவருக்கு. தீர்ப்புக் கெட்டால் நட்டம் வேறொருவருக்கு!

'சந்தைக்கு நேரமாகிறது, ஆராய்ச்சிக்கு ஏது பொழுது?' என்பார். வாடகை வண்டியில் போகட்டும், யாரும் தடுக்கவில்லை. அவசரம் பயணத்துக்குத்தான், பழிக்கு என்ன அவசரம்?

ஓஸ் மாற்றப்படும். மறுநாள் விடியலில் ஒரே திருகில் வண்டி கிளம்பும். டிரைவருக்கு ஆளனுப்பலாம், நின்ற நாட்களின் கூலியைக் கொடுக்கலாம். ஆனால் திருடன் என்ற சொல் ஐந்து பேர் நடுவே சொல்லப்பட்டது. கிளம்பாத வண்டியைச் சுற்றிக் கூடியவர்கள், கிளம்பும் வண்டியைப் பார்க்க வரமாட்டார்கள். அந்த ஐவரையும் அதே சந்துக்கு மறுபடி அழைத்துவரவேண்டியவர் கடைக்காரர்.