ரிப்பீட்டர் மாட்டலாமா?



நம்ம ஜெப வீட்டுத் தகரக் கூரைக்குள்ளே செல்போன் சிக்னல் வருவதில்லை. ஆன்லைனில் ரிப்பீட்டர் வாங்கி மாட்டலாமே என்று வாலிபத் தம்பிமார் கேட்கிறார்கள். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன், மின்சாரம் படித்தவனல்ல. ஆகிலும் விசாரித்தறிந்ததைச் சொல்லுகிறேன்.

கூரைமேல் டவரைப் பார்த்தபடி ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு ஆன்டெனா, நடுவில் ஆம்ப்ளிஃபையர். மோசேக்கு ஆரோன் வாயாயிருந்ததுபோல, இதற்குச் சொந்த வார்த்தை கிடையாது. டவர் சொல்லுவதைப் பெலப்படுத்தி நமக்கும், நாம் பேசுவதை டவருக்கும் சேர்க்கும்.

ஆராதனையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூ'வென்று அலறுமே! இங்கேயும் அதேதான். உள் ஆன்டெனாவின் சிக்னல் வெளி ஆன்டெனாவுக்கு எட்டினால், கருவி தன் சத்தத்தையே கேட்டுக் கேட்டுப் பெருக்கும். ஆகவே இரண்டையும் எட்ட வைத்து, நடுவே கூரை மறைக்கும்படி செய்து, பெருக்கத்தைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பைவிடப் பெருக்கம் சுமார் 15 டெசிபெல் குறைவாயிருப்பது நல்லது என்பார்கள்.

அந்த அலறல் நம் காதில் விழாது, டவரில் விழும். அதே டவரை நம்பியிருக்கிற வீட்டில் ஒரு சகோதரிக்குப் பிரசவ வலி கண்டு, 108க்குக் கூப்பிட்டு லைன் கிடைக்காவிட்டால்? உரிமம் பெற்ற கம்பெனிகள் தவிர வேறு யாரும் இதை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் எச்சரித்திருக்கிறது.

கம்பெனிக்கு மனு கொடுப்போம், அவர்களே வந்து பொருத்தட்டும். அதுவரை ஜெப வீட்டு பிராட்பேண்டில் சேர்ந்துகொண்டு, போனில் 'வைஃபை காலிங்' போட்டுக்கொள்ளுங்கள். ஆராதனை நேரத்தில் மட்டும் சைலண்ட்டில் இருக்கட்டும், தம்பிமாரே!