இரக்கத்தினால் சொல்லும் பொய்



சட்டமோ சமூக சேவையோ படித்து முடித்த பிள்ளைகளில் சிலர், பயிற்சிக்காகச் சில மாதம் சர்வதேச மனித உரிமைச் சங்கங்களில் சேருகிறார்கள். "இதெல்லாம் ஒரு வேலையா, சாமி?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நல்ல வேலைதான். இவற்றில் பேர்பெற்ற ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் சங்கத்தை 1961-ல் லண்டனில் தொடங்கிய வக்கீல் பீட்டர் பெனன்சன், அதற்கு மூன்று வருஷம் முன்புதான் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். ஆகையால் அதில் தர்க்கம் வேண்டாம். நான் எழுத வந்தது அந்த வேலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சோதனையைப் பற்றி.

பயிற்சிக்குப் போகிறவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் எழுத்து வேலை. அடிபட்டவன் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். பக்கத்து அம்பாசமுத்திரத்தில் 2023 மார்ச்சில் வெளிவந்த சங்கதியை மறந்திருக்க மாட்டீர்கள். விசாரணைக்குக் கொண்டுபோன இடத்தில் பல்லைப் பிடுங்கினார்கள் என்று பலர் முறையிட்டார்கள், போலீஸ் அதிகாரி ஒருவர் சஸ்பெண்டு ஆனார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. அப்படி முறையிடும் ஒருவன் எதிரே உட்கார்ந்து "இரண்டு பல்" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனீவாவில் இருக்கிறவர் இரண்டு பல்லுக்குத் தலை நிமிர்வாரா? நாலு என்று எழுதினால் என்ன? இப்படி நினைக்கிறவன் கெட்டவன் அல்ல, இரக்கமுள்ளவன். அதுதான் ஆபத்து.

பிறருக்கு நன்மையாகச் சொல்லும் பொய், கெடுதி செய்யச் சொல்லும் பொய்யைவிட இலேசானது, ஆயினும் பாவமே என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதனை. அர்ச். அகுஸ்தீனார் இன்னும் கண்டிப்பு: ஓர் உயிரைக் காப்பாற்றவும் பொய் கூடாது என்பார். இது கல்நெஞ்சாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு பல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவனை நாலு பல்லுக்குக் குற்றவாளியாக்குவது, எட்டாம் கற்பனை விலக்கும் பொய்ச்சாட்சி அன்றோ? போலீஸ்காரனும் நமக்குப் பிறனே.

உலகமும் இதைக் கண்டிருக்கிறது. 1990-ல் ஈராக் படை குவைத்தைப் பிடித்தபோது, ஆஸ்பத்திரியில் குழந்தைகளை இன்குபேட்டர் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் சாகவிட்டார்கள் என்று பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வாஷிங்டனில் அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். ஆம்னெஸ்டியும் அவ்வருஷம் டிசம்பரில், முந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் அப்படி இறந்ததாக எழுதிவிட்டது. யுத்தம் முடிந்து விசாரித்தால் ஆதாரம் இல்லை. 1991-ல் அதைத் திரும்பப் பெற்றது. அந்தப் பெண் அமெரிக்காவிலிருந்த குவைத் ஸ்தானிகரின் மகள் என்பது 1992-ல் வெளியாயிற்று. குவைத்தில் மெய்யாகவே வதைபட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கதை மங்கிப்போய், இந்தப் பொய்தான் நிலைத்து நிற்கிறது.

நம் ஊர்க் கோர்ட்டிலும் அப்படியே. பல் வைத்தியரின் சர்ட்டிபிகேட்டில் இரண்டு என்றிருந்தால், எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

கூட்டுவதைப் போலவே குறைப்பதும். அவன் திருடியது மெய்யென்றால், அதை விட்டுவிட்டு 'ஒரு பாவமும் அறியாதவன்' என்று எழுதக் கை துடிக்கும். அப்படி எழுதினால், திருடன் பல்லைப் பிடுங்கலாம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். 1948 டிசம்பர் 10-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் ஐந்தாம் ஷரத்து, சித்திரவதை எவருக்கும் கூடாது என்கிறது; நிரபராதிக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சேசுநாதர் சிலுவையில் தொங்கியபடி பரகதி வாக்களித்தது யாருக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று இதைவிடக் கடினம். சொன்னவனே ஒரு வாரம் கழித்து வந்து, "எழுதினதைக் கொடுத்திருங்க, ஐயா" என்பான். பயம். பயிற்சிக்காரன் மூன்று மாதத்தில் பஸ் ஏறிவிடுவான். இவன் பெண்சாதி அந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான் நாள்தோறும் பீடி கொடுத்துவரப் போக வேண்டும். கொடுத்துவிட வேண்டும் என்பதே என் தீர்ப்பு. "நாளைக்கு அடுத்தவனுக்கும் இதே கதி வருமே" என்பார்கள். மெய்தான். அதற்காக அவனோடு நாள்கணக்காகப் பேசலாம், நல்ல வக்கீலிடம் அழைத்துப்போகலாம். ஆனாலும் அந்தச் சொல் அவனுடையது. நம் கையில் இருப்பது அடைக்கலப் பொருள். பேரை மறைத்து அச்சிடலாமே என்கிறவர்கள் முக்கூடலில் குடியிருந்து பார்த்தவர்கள் அல்ல. தெருவையும் தொழிலையும் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் டீக்கடையில் ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.